பட்டயத்திலிருந்து பட்டத்திற்கு: சென்னைப் பல்கலைக்கழகமும் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பின் தோற்றமும் (1903–1936)

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1936ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பெற்றது. கால்நடை மருத்துவத்திற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் முறை இந்தியாவில் இதனால் தொடங்கியது. இந்நிகழ்வு பெரும்பாலும் 'இந்தியாவில் முதன்முதல்' என்ற பெருமைக் குறிப்பாக மட்டுமே எடுத்துரைக்கப்பட்டு வருகிறது. லாகூர், பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களின் கல்லூரிகளுக்குப் பின்னர்த் தோன்றிய ஒரு கல்லூரி, பட்டத்தில் மட்டும் அவற்றை முந்தியது எவ்வாறு என்பது போதிய அளவில் ஆராயப்படவில்லை. கொள்ளை நோய்களின் நெருக்கடியைவிட, அரசுப் பணிநிலைகளில் நிகழ்ந்த மாற்றமே இப்பட்டத்தின் உடனடிக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பட்டம் எதனை உள்ளே கொணர்ந்தது, எதனை வெளியே நிறுத்தியது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கால்நடை மருத்துவக் கல்வி, சென்னை மாகாணம், வெக்கை நோய், இரட்டை ஆட்சி, லீ ஆணையம், மாட்டு வாகடம்

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாற்றில் மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகிய துறைகள் பெற்றுள்ள கவனத்தில் ஒரு சிறு பகுதியைக்கூடக் கால்நடை மருத்துவம் பெறவில்லை. வேளாண் வரலாறு எழுதுவோர் நிலத்தையும் நீரையும் வரியையும் பேசுகின்றனர். ஏர் இழுத்த மாடு அவர்களது எழுத்தில் பெரும்பாலும் ஓர் உழவுக் கருவியாகவே நின்றுவிடுகிறது. அம்மாட்டிற்கு நோய் வந்தபோது யார் வந்தார், வந்தவர் என்ன படித்திருந்தார் என்ற வினா எழுவதில்லை. கல்லூரியின் வரலாறு ஆண்டு மலர்களிலும் நூற்றாண்டு விழாச் சிறப்பிதழ்களிலும் பதிவாகியுள்ளது. அத்தகைய பதிவுகளின் இயல்பு தேதிகளை வரிசைப்படுத்துவதாகும். தேதிகளுக்கு இடைப்பட்ட காரணங்களைத் தேடுவது அவற்றின் நோக்கமன்று.

1903இல் கல்லூரி, 1936இல் பட்டம் என்ற இரு தேதிகளுக்கு இடையே 33 ஆண்டுகள் உள்ளன. ஒரு தலைமுறைக்கு நிகரான இக்காலத்தில் கல்லூரி பட்டயமே வழங்கியது. அப்பட்டயம் ஏன் போதுமானதாகக் கருதப்பட்டது, பின்னர் ஏன் போதாததாயிற்று என்பவையே இக்கட்டுரையின் மைய வினாக்கள்.

வெக்கை நோயும் அரசின் கவனமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை ஆங்கில அரசின் கால்நடை அக்கறை குதிரையைச் சுற்றியே இருந்தது. குதிரைப் படைக்கும் பீரங்கி வண்டிக்கும் விலங்கு தேவைப்பட்டது. அவ்விலங்கிற்கு மருத்துவர் தேவைப்பட்டார். ஒசூரில் 1824இல் நிறுவப்பட்ட பண்ணையும் படைக்கான குதிரைகளை முன்வைத்தே தொடங்கியது. உழவனின் மாடு அரசின் பார்வைக்குள் வந்தது கொள்ளை நோயின் வழியாகவே ஆகும்.

தமிழில் வெக்கை என வழங்கிய நோய் ஊர் ஊராகப் பரவி, தொழுவங்களைக் காலி செய்தது. சென்னை மாகாணம் இதற்கெனச் சட்டம் இயற்றுவதில் முந்திக்கொண்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். சென்னைக் கால்நடை நோய்ச் சட்டம் 1866இல் இயற்றப்பட்டது. அனைத்திந்திய நிலையில் ஹாலன் என்ற படைக் கால்நடை மருத்துவரின் தலைமையில் அமைந்த மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் 1869இல் பணியைத் தொடங்கி, 1871இல் அறிக்கை அளித்தது. ஆனால் சட்டத்தைச் செயற்படுத்துவோர் வருவாய்த் துறையினராகவே இருந்தனர். நோயுற்ற மாட்டைப் பிரித்து வைக்குமாறு ஆணையிட மணியக்காரரால் இயலும். அது வெக்கையா, அடைப்பானா, கோமாரியா என்று பிரித்தறியும் பயிற்சி அவருக்கு இல்லை. சட்டம் இருந்தும் மருத்துவர் இல்லாத இந்நிலை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் இக்காலத்தில்தான் மாகாணத்தின் மாட்டுச் செல்வத்தைச் சூறையாடியது.

சைதாப்பேட்டை அரசுப் பண்ணையை ஒட்டி அமைந்த வேளாண் பள்ளியில் கால்நடை மருத்துவமும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. அது வேளாண்மையின் துணைப் பாடமாக இருந்ததேயன்றித் தனித் தொழிலுக்கான பயிற்சியாக அமையவில்லை.

வேப்பேரியில் ஒரு கல்லூரி

1882இல் லாகூரிலும், 1886இல் பம்பாயிலும், 1893இல் கல்கத்தாவை அடுத்த பெல்காச்சியாவிலும் கால்நடை மருத்துவக் கல்விக் கூடங்கள் தோன்றின. இம்மூன்றின் பின்புலமும் ஒன்றன்று. லாகூரில் படையின் தேவை ஓங்கியிருந்தது. பம்பாய்க் கல்லூரி, பார்சி வள்ளல் தின்ஷா மானக்ஜி பெட்டிட் குடும்பத்தின் கொடையால் எழுந்த விலங்கு மருத்துவமனையை ஒட்டி வளர்ந்தது. சென்னையில் இவ்விரண்டில் எதுவும் முதன்மை பெறவில்லை. இங்குக் கல்லூரியைத் தொடங்கியது துறையே. அதன் நோக்கம் துறைக்கு ஆள் சேர்ப்பதாகும்.

1890களின் தொடக்கத்தில் குடிமைக் கால்நடைத் துறை அமைக்கப்பட்ட பின்னர், மாவட்டங்களில் பணியாற்றக் கீழ்நிலை மருத்துவ உதவியாளர்கள் தேவைப்பட்டனர். பிற மாகாணக் கல்லூரிகளுக்கு ஆளனுப்பிப் பயிற்றுவிப்பது தொலைவாலும் மொழியாலும் இடர்ப்பாடுடையது. 1903 அக்டோபர் 1ஆம் நாள், டாபின் ஹால் எனப்பட்ட ஒரு சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. படிப்பை முடித்தோர் 'சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரித் தேர்ச்சியாளர்' என்னும் பட்டயம் பெற்றனர், ஜி.எம்.வி.சி. என்ற எழுத்துகள் அவர்களது பெயரின் பின் நின்றன. இவ்வெழுத்துகளைக் கவனித்தல் தகும். கல்லூரியின் பெயரே தகுதியின் பெயராக இருக்கிறது. தகுதியை வழங்கியதும் துறை, அத்தகுதியாளரைப் பணியமர்த்தியதும் துறை. தேர்வாளரும் முதலாளியும் ஒருவரே என்ற இந்த அமைப்பில், பாடத்திட்டத்தின் மேல்வரம்பு துறை தரவிருந்த பணியின் மேல்வரம்பாகவே அமைந்துவிடும்.

மாகாணத்தின் மாட்டினங்களைப் பற்றிய முறையான ஆவணமாக்கமும் இக்காலத்தில் தொடங்கியதே. மாகாணக் கால்நடைத் துறையின் கண்காணிப்பாளராக இருந்த கன், தென்னிந்திய மாடுகளைப் பற்றி 1909இல் ஒரு வெளியீட்டை எழுதினார். அறிவை எழுதும் பொறுப்பு ஐரோப்பிய அதிகாரியிடமும், ஊர் ஊராகச் சென்று ஊசியிடும் பொறுப்பு பட்டயம் பெற்ற இந்தியரிடமும் இருந்தமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பணிநிலையும் தகுதியும்

குடிமைக் கால்நடைத் துறையின் உயர்பணிகளுக்குத் தொடக்கத்தில் படைக் கால்நடை மருத்துவர்களும், பின்னர் லண்டன் அரச கால்நடை அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதி பெற்றோரும் அமர்த்தப்பட்டனர். அத்தகுதியைப் பெறக் கடல் கடந்து சென்று ஆண்டுக்கணக்கில் பொருள் செலவிட வேண்டும். ஆதலின் இந்தியருக்கு வாயில் சட்டப்படி அடைக்கப்படவில்லை. ஆனால் திறக்கக்கூடியவரும் மிகச் சிலரே. வேப்பேரியில் படித்த ஒருவர் எத்துணைத் திறமையுடன் பணியாற்றினும், அவர் ஏறக்கூடிய ஏணிக்கு ஒரு படிக்கு மேல் படியில்லை.

இந்நிலையை மனித மருத்துவத்துடன் ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றிய காலத்திலிருந்தே மருத்துவம் அதன் பட்டங்களுள் ஒன்று. இந்திய மருத்துவப் பட்டதாரி ஒருவர் பணியில் தடைகளை எதிர்கொண்டாலும், தமது பட்டத்தின் மதிப்பை முன்வைத்து வாதிட முடிந்தது. 1930இல் பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் இந்தியப் பட்டங்களின் ஏற்பை விலக்கியபோது எழுந்த எதிர்ப்பும், 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்றச் சட்டமும் அத்தகைய வாதத்தின் விளைவுகளே. கால்நடை மருத்துவருக்கோ விலக்கப்படுவதற்குக்கூட ஒரு பட்டம் இல்லை.

இன்னும் அருகிலேயே மற்றோர் ஒப்பீடு உண்டு. சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்த வேளாண் கல்லூரி 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பெற்றது. ஒரே பண்ணையின் நிழலில் பாடமாக இருந்த இரு துறைகளுள் ஒன்று பட்டம் பெற்றது. மற்றொன்று மேலும் 16 ஆண்டுகள் காத்திருந்தது. இக்காத்திருப்பை அறிவியல் முதிர்ச்சியின் குறைவாக விளக்க இயலாது. உடற்கூற்றியல், உடலியங்கியல், நோயியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்ட ஒரு படிப்பு, பல்கலைக்கழகப் பாடமாவதற்கு வேளாண்மையைவிடக் குறைந்த தகுதியுடையது என்று கூறுவதற்கு அடிப்படை இல்லை. துறை கேட்டது கீழ்நிலைப் பணியாளரை. அதற்குப் பட்டயம் போதுமானதாக இருந்தது.

இச்சமநிலையைக் குலைத்தவை இரண்டு அரசியல் மாற்றங்கள். 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்கீழ், 1921 முதல் வேளாண்மையும் கால்நடை மருத்துவமும் மாகாண அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்ட துறைகளாயின. அமைச்சர் மாகாணத்தவர், அவரது துறையின் உயர் அதிகாரிகளை அமர்த்தும் அதிகாரமோ லண்டனிலிருந்த இந்திய அமைச்சரிடமே இருந்தது. 1924இல் அறிக்கையளித்த லீ ஆணையம் இம்முரணைக் கையாண்டது. ஒப்படைக்கப்பட்ட துறைகளில் அனைத்திந்தியப் பணிகளுக்கு மேலும் ஆள் சேர்ப்பதை நிறுத்தி, மாகாணங்களே தம் பணிகளை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கல்வி, வேளாண்மை ஆகிய பணிகளுடன் இந்தியக் கால்நடைப் பணியும் இதனுள் அடங்கியது.

இப்பரிந்துரையின் நடைமுறைப் பொருள் எளியது. ஓய்வுபெறும் ஐரோப்பிய அதிகாரியின் இடத்தில் மாகாணம் இனித் தானே ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் எத்தகுதியுடையவராக இருக்க வேண்டும்? லண்டன் தகுதியையே தொடர்ந்து கோரினால், ஆட்சி மாறியும் வாயில் மாறாது. வேப்பேரிப் பட்டயத்தையே ஏற்றால், கீழ்நிலைக்கென வகுக்கப்பட்ட தகுதி உயர்நிலைக்கும் பொருந்தும் என்றாகும். சட்டமன்றத்திலும் துறையிலும் அதனை நிலைநாட்டுவது எளிதன்று. மூன்றாவதாக எஞ்சிய வழி, மாகாணத்திற்குள்ளேயே உயர் தகுதி ஒன்றை உருவாக்குவதாகும். துறைக்கு வெளியே நின்று அத்தகுதிக்கு உறுதியளிக்கக்கூடிய நிறுவனம் பல்கலைக்கழகம் ஒன்றே. கட்டுரையாளரின் கருத்தில், 1936ஆம் ஆண்டின் பட்டத்திற்கான விதை 1924இலேயே ஊன்றப்பட்டது. 1926இல் அமைக்கப்பட்டு 1928இல் அறிக்கையளித்த, லின்லித்கோ பிரபு தலைமையிலான அரச வேளாண் ஆணையம் கால்நடைச் சேவையை விரிவுபடுத்துவதையும் கல்வியின் தரத்தை உயர்த்துவதையும் வலியுறுத்தியது, ஏற்கெனவே எழுந்திருந்த தேவைக்கு வலுச் சேர்த்தது எனலாம்.

ஆய்வகமும் பண்ணையும்

பணிநிலைத் தேவை மட்டுமே ஒரு பட்டப்படிப்பைத் தாங்காது. கற்பிக்கத்தக்க பொருளும் கைக்கெட்டும் தொலைவில் வேண்டும். 1889இல் புனேயில் தொடங்கி 1893இல் இமயமலைச் சாரலின் முக்தேசுவரத்திற்கு மாறிய நுண்ணுயிரியல் ஆய்வகமே நெடுங்காலம் வெக்கை நோய்க்கான ஊநீரின் ஊற்றாக இருந்தது. குமாவோன் மலையில் உருவான மருந்து, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் தென்கோடி மாவட்டங்களை வந்தடைய வேண்டியிருந்தது. 1920களின் பிற்பகுதியில் அங்குப் பணியாற்றிய எட்வர்ட்ஸ், வெக்கை நச்சுயிரியை ஆடுகளின் உடலில் தொடர்ந்து செலுத்தி வலுக்குறைத்துத் தடுப்பூசிக்கு வழிகண்டார். தற்காலிகக் காப்பளிக்கும் ஊநீரிலிருந்து நீடித்த எதிர்ப்பாற்றலளிக்கும் தடுப்பூசிக்கு மாறிய இத்திருப்பம், களப்பணியாளரிடம் எதிர்பார்க்கப்பட்ட அறிவையும் மாற்றியது. உயிருள்ள நச்சுயிரியை மந்தைக்குள் செலுத்துபவர் அதன் இயல்பை அறிந்திருக்க வேண்டும். எந்த இன மாடு எவ்வளவு தாங்கும் என்பதையும் கணிக்க வேண்டும்.

சென்னை மாகாணம் 1932இல் இராணிப்பேட்டையில் தனக்கென ஓர் ஊநீர் நிலையத்தை நிறுவிக்கொண்டது. இன்று கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமாக அறியப்படுவது அதுவே. கல்லூரிக்கு எட்டும் தொலைவில் ஓர் உற்பத்தி ஆய்வகம் அமைந்தது, பட்டப்படிப்பிற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது என்ற வரிசை கருதத்தக்கது.

பண்ணையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஒசூர்ப் பண்ணை 1920களில் குடிமைத் துறையின் கைக்கு வந்தபோதும், மாட்டின வளர்ப்பு வேளாண் துறையின் பொறுப்பிலேயே இருந்தது. காங்கேயம், ஆலம்பாடி, பர்கூர், உம்பளாச்சேரி முதலிய இனங்களை விரிவாக விளக்கும் லிட்டில்வுட்டின் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூல், பட்டம் தோன்றிய அதே 1936இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் கால்நடை மருத்துவத் துறையினர் அல்லர். வேளாண் துறையின் கால்நடைப் பிரிவைச் சார்ந்தவர். மாட்டை வளர்க்கும் அறிவும் மாட்டைக் குணப்படுத்தும் அறிவும் இரு வேறு அலுவலகங்களில் இருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பட்டத்தின் பெயரும் தொடக்கத்தில் 'கால்நடை அறிவியல் இளநிலை' என்பதாகவே இருந்தது. 'கால்நடைப் பராமரிப்பு' என்ற தொடர் அதனுடன் இணைந்தது பிற்காலத்திலாகும்.

1936

இணைப்பின் உடனடி விளைவு, தகுதியை வரையறுக்கும் உரிமை இடம் மாறியமையே. நுழைவுத் தகுதி, பாடத்திட்டம், தேர்வு ஆகியவற்றைத் துறை தனித்து முடிவுசெய்த காலம் முடிந்தது. ஆட்சிமன்றமும் கல்விக்குழுவும் புறத் தேர்வாளரும் இடையே வந்தனர். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணத் தன்னாட்சி 1937 ஏப்ரலில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில், இரட்டை ஆட்சியின் இறுதி ஆண்டில் இது நிகழ்ந்தது.

இணைப்பளித்த பல்கலைக்கழகத்தின் நிலையையும் நோக்க வேண்டும். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகமும் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்றியபின், தென்னகம் முழுவதற்குமான ஒரே தேர்வு நிறுவனம் என்ற தனது பழைய இடத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் இழந்திருந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் கற்பித்தலும் ஆய்வும் அதன் பணிகளாயின. பரப்பு சுருங்கிய ஒரு பல்கலைக்கழகம் துறைகளால் விரிவடைய முற்பட்டது இயல்பே. ஆயினும் கால்நடை மருத்துவத்தில் சென்னையே மாகாணம் முழுமைக்கும் ஒரே இடமாக நீடித்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசிய மாவட்டங்கள் அனைத்தும் வேப்பேரியையே நோக்கின.

வெளியே நின்ற வாகடம்

பட்டம் உள்ளே கொணர்ந்தவற்றைப் பற்றியே இதுவரை பேசப்பட்டது. தமிழில் மாட்டு வாகடம் என்றொரு நூல்வகை ஓலைச்சுவடிகளில் வழங்கி வந்தது; பின்னர் அச்சும் ஏறியது. மாட்டின் சுழி இலக்கணம், நோய்க்குறி, மூலிகை முறை, சூடு போடும் இடங்கள் ஆகியவை அதில் உண்டு. வெக்கை, கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான் என நோய்களைக் குறியால் வேறுபடுத்தும் சொற்களஞ்சியம் அம்மரபினுடையது. துறை தனது தமிழ் அறிவிப்புகளுக்கு அச்சொற்களையே எடுத்துக்கொண்டது. அச்சொற்களை ஆக்கிய அறிவை எடுத்துக்கொள்ளவில்லை.

இதனை வெறும் புறக்கணிப்பாகக் கூறுவது நேர்மையன்று. வெக்கை நோயை எந்த வாகட மருந்தும் தடுத்ததில்லை, தடுப்பூசியே தடுத்தது. 1954இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் தொடர்ச்சியாக நாடு அந்நோயிலிருந்து விடுபட்டு, 2011இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டதில் பட்டதாரிக் கால்நடை மருத்துவர்களின் பங்கு மறுக்கவியலாதது. ஆனால் வயிறு உப்பிய மாடும், கன்று போடத் தவிக்கும் பசுவும், கொம்பு முறிந்த காளையும் கொள்ளை நோயைவிட அன்றாடமானவை. அங்கு ஊர் வைத்தியரின் அனுபவத்திற்கு இடமிருந்தது. பாடத்திட்டம் ஆங்கிலத்தில் அமைந்து, தேர்வும் ஆங்கிலத்தில் நிகழ்ந்த ஒரு பட்டத்தில், தமிழ் மட்டுமே அறிந்த அவ்வைத்தியரின் மகனுக்கு இடமில்லை. பட்டயக் காலத்திலேயே குறுகியிருந்த வாயில், பல்கலைக்கழக நுழைவுத் தகுதியால் மேலும் குறுகியது. அண்மைக் காலத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தஞ்சாவூரில் மரபுவழி மூலிகை மருத்துவத்தை ஆய்வுப் பொருளாக்கி, மடிநோய் முதலியவற்றுக்குப் பரிந்துரைக்க முன்வந்தது, நெடுங்காலம் கழித்து ஏற்பட்ட ஒரு திருத்தமாகும்.

மற்றொரு பிளவும் உண்டு. பட்டதாரி மேலே சென்றபோது, பட்டயத்தார் செய்து வந்த பணியின் ஒரு பகுதி இன்னும் கீழ்நிலையில் உள்ள பணியாளரிடம் இறங்கியது. இன்றைய கால்நடை ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர் ஆகிய பணியிடங்கள் அவ்வடுக்கின் தொடர்ச்சி. கட்டுரையாளரின் ஊரில் சினை ஊசி போட வருபவரையே மக்கள் 'மாட்டு டாக்டர்' என்று அழைப்பர். பட்டம் பெற்ற மருத்துவர் ஒன்றிய மருத்துவமனையில் இருப்பார். சொல்வழக்கு பணிநிலை விதிகளைப் பின்பற்றுவதில்லை.

பட்டத்திற்குப் பின்

பட்டம் தோன்றியும் அதனைக் காக்கும் பதிவேடு தோன்றவில்லை. மனித மருத்துவத்தில் பட்டம் முந்தி, மன்றம் பிந்தி வந்தது. கால்நடை மருத்துவத்திலும் அதே வரிசைதான். ஆனால் இடைவெளி இங்கு மிக நீண்டது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984இல்தான் இயற்றப்பட்டது. 48 ஆண்டுகள், கால்நடை மருத்துவப் பட்டதாரி என்பவர் யார் என்பதற்கு நாடு தழுவிய சட்ட வரையறை இல்லை.

கல்லூரி 1976இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கு மாற்றப்பட்டது. சைதாப்பேட்டையில் பிரிந்தவை மீண்டும் ஒரே குடையின்கீழ் வந்தன. அவ்விணைப்பு 13 ஆண்டுகளே நீடித்தது. 1989 செப்டம்பர் 20 அன்று, கால்நடை மருத்துவத்திற்கென்றே இந்தியாவின் முதல் பல்கலைக்கழகம் சென்னையில் அமைந்தது. அதற்கு முன்னரே, 1985இல், கோழிப் பண்ணைகள் பெருகிய நாமக்கல்லில் இரண்டாவது கல்லூரி தொடங்கியிருந்தது. நாமக்கல்லின் தேர்வில் ஒரு பொருளியல் காரணம் வெளிப்படை. 2012இல் தோன்றிய திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளையும், 2020இல் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களில் தோன்றியவற்றையும் அவ்வாறு ஒற்றைக் காரணத்தால் விளக்க இயலாது. வட்டார அரசியல், மாணவர் நாட்டம், மருத்துவப் படிப்பிற்கு அடுத்த தெரிவாகக் கால்நடை மருத்துவம் பெற்றுள்ள இடம் ஆகியவை தனி ஆய்வுக்குரியன.

தேசிய வேளாண் ஆணையம் 1976இல் 5000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் என்ற இலக்கை வகுத்தது. அவ்விலக்கை முன்னிறுத்தியே புதிய கல்லூரிகள் கோரப்படுகின்றன. கல்லூரி பட்டதாரியைத் தரும். பணியிடத்தை அரசே உருவாக்க வேண்டும். 1903இல் இவ்விரண்டும் ஒரே அலுவலகத்தின் கையில் இருந்தன. 1936இல் அவை பிரிந்தன. தென்மாவட்ட மாணவர் ஒருவர் தம் வட்டாரத்திலேயே இப்பட்டத்தைப் படிப்பதற்கு, அப்பிரிவிற்குப் பின் மேலும் 76 ஆண்டுகள் ஆயின.